காயிஸ்தெ என்ற ஒரு சொல்

ஒரு ஆம்பிளைக்கு மூத்திரம் வர வேண்டும் என்று மூன்று நாள் மாதாவிடம் மன்றாடியவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மைசூருக்கு வெளியே வாந்திபேதிக்காரர்களுக்கென்று போட்டிருந்த தகரக் கொட்டகை ஆஸ்பத்திரியில், காலையும் மாலையும் டாக்டர் என் வீட்டுக்காரரின் கட்டிலருகே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "மூத்ர ஆய்தா?" மூத்திரம் வந்ததா என்று. இல்லை என்று நர்ஸ் தலையை ஆட்டுவாள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இந்த நோயில் பேதி நின்ற பிறகும் ஆள் பிழைப்பதும் போவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. இனி வருகிறவர்களுக்காவது தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

என் பெயர் ஞானம்மா. பிறந்தது கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் ஊரான மார்டள்ளி. கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு; அதைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். கொத்தனார் ஆரோக்கியசாமிக்கு வாழ்க்கைப்பட்டு மைசூருக்கு வந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ சந்தைக் கன்னடம்தான். பேக்கு, பேடா, எஷ்டு, கொடி, ஹோகி. வேண்டும், வேண்டாம், எவ்வளவு, கொடுங்கள், போங்கள். இதை வைத்துக்கொண்டு மண்டி மொஹல்லா முழுக்கச் சுற்றி வந்துவிடுவேன். கடைக்காரனிடம் நான் பேசுவதைக் கேட்டால் அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும்.

மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால், மூட்டை வண்டிகளும் மாடுகளும் நிற்கும் பொட்டலை ஒட்டி ஒரே வரிசையில் பன்னிரண்டு குடிசைகள். அதை லைன் என்போம். கொள்ளேகால் பக்கமிருந்து மூட்டை தூக்கவும் சுவர் கட்டவும் வந்தவர்கள் நாங்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு கிணறு. மாட்டுப் பொட்டலின் சாக்கடை அந்தக் கிணற்றை உரசிக்கொண்டுதான் போகும். பெரிய வீதியில் குழாய் இருந்தது. வீதிக்காரர்கள் பிடித்து முடித்த பிறகு நாங்கள் போனால் குழாயில் காற்றுதான் வரும். அந்தக் கோடையில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. சேறும் தண்ணீருமாக இறைத்து, சேலைத் தலைப்பில் வடிகட்டிக் குடித்தோம்.

முதலில் கடைசி வீட்டில் ஒருவருக்கு வந்தது. இரண்டு நாளில் இன்னும் இரண்டு வீடு. சுகாதாரத்துக்காரர்கள் வந்து கிணற்றில் மருந்தைக் கொட்டினார்கள். தண்ணீர் ரோஜாப்பூ நிறத்துக்கு மாறிவிட்டது. அந்த நிறத்தைப் பார்த்துப் பயந்து பாதிப்பேர் பழைய குட்டைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நோயாளி இருந்த வீட்டுப் பாயையும் துணியையும் அவர்கள் கொளுத்தினார்கள். அந்த வீட்டில் இருந்ததே ஒரு பாயும் இரண்டு துணியும். அதனால் நோய் வந்தாலும் வெளியே சொல்லாமல் மூட்டைக்குப் பின்னால் படுக்க வைத்து மறைப்பது என்று லைனில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினவர்கள் திரும்பி வருவதில்லை என்ற பேச்சு வேறு.

அந்த வாரம் ஒரு காலையில் தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். லைன் முனையில் நின்று கன்னடத்தில் நீளமாகச் சொன்னார். ஆம்பிளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் என்னைத்தான் பார்த்தார்கள். எழுத்துப் படித்தவள் அல்லவா.

"என்னக்கா சொல்றாரு?" என்று பக்கத்து வீட்டுக் காளியம்மா கேட்டாள். அவளுடைய மூன்று வயதுப் பெண்ணுக்கு அன்று காலைதான் வயிறு போகத் தொடங்கியிருந்தது. யாருக்கும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் தெரியும்.

தமுக்குக்காரர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் இது. "ரோகிகளிகெ நீரு காயிஸ்தெ கொட்பேடி." ரோகி தெரியும். நீரு தெரியும். கொட்பேடி என்றால் கொடுக்காதீர்கள். நடுவில் இருந்த காயிஸ்தெ எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊரில் பேதி கண்டால் வயிற்றைக் காயப் போடு என்பார்கள். காய், காயிஸ்தெ, எல்லாம் ஒன்றுதான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

"நோவுக்காரங்களுக்குத் தண்ணியே குடுக்கக் கூடாதாமா. நல்லாக் காய உடோணுமாமா" என்றேன்.

"ஒரு வாய்கூடவாக்கா?"

"ஒரு வாய்கூட. அரமனைத் தமுக்குலயே சொல்றாங்களே, அப்புறம் என்ன?"

யாரும் சந்தேகப்படவில்லை. அவர்கள் ஏற்கெனவே நம்பியதைத்தான் நான் சொன்னேன். ஓட்டைப் பானையில் ஊற்றி என்ன பயன் என்று ஒருத்தி ஒத்தும் ஊதினாள்.

அன்று மத்தியானம் இரண்டு பேர் என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். கட்டட வேலையில் சுண்ணாம்பு குழைக்கிற தொட்டித் தண்ணீரைக் குடித்திருக்கிறார். வெயில் அப்படி. வந்ததும் பேதி. மலம் என்று சொல்ல முடியாது. அரிசி கழுவின தண்ணீர்தான் போய்க்கொண்டே இருந்தது. பிறகு வாந்தி. பொழுது சாய்வதற்குள் கண் குழியில் போய்விட்டது. நாளெல்லாம் துணி துவைத்தவளின் விரல் போல அவர் விரல் சுருங்கிவிட்டது. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு கட்டையாக நின்றது. நான் இரண்டு கையாலும் தேய்த்தேன். குரல் போய்விட்டது. இந்த நோய் குரலையும் எடுத்துக்கொள்ளும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். உடம்பில் தண்ணீர் வற்றினால் தொண்டைக்கும் ஈரம் இருக்காதாம்.

அவர் பானையைக் காட்டினார். நான் பானையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

"ஏனுங்க, பொறுத்துக்கோங்க. தமுக்குலயே சொல்லிட்டாங்க. காஞ்சாத்தான் நிக்குமாமா."

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வாயைத் திறந்து காற்றாக ஏதோ சொன்னார். காதை வைத்துக் கேட்டேன். "காஞ்சு... காஞ்சு..." என்றுதான் எனக்குக் கேட்டது. நாக்கு காய்ந்துவிட்டது என்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை முட்டியது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஈரத் துணியால் உதட்டைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தொடங்கி மறுநாள் காலை வரை அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் நான் கொடுக்கவில்லை.

காலையில் சுகாதாரத்து ஜவான் ஒவ்வொரு குடிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் வாசலை மறைத்துக்கொண்டு நின்று, உள்ளே யாரும் இல்லை என்றேன். என் காலுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்தது. தரையோடு தரையாக நகர்ந்து வந்து என் வீட்டுக்காரர் அந்த ஜவானின் காலைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவே இல்லை. என்னிடமிருந்து தப்பித்துப் போகிறாரே என்று அப்போது எனக்கு ரோஷம்கூட வந்தது. வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன்.

கொட்டகையில் இருபது கட்டில்கள். நடுவில் கோணித் திரை கட்டி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கட்டிலின் நடுவே ஒரு ஓட்டை, கீழே ஒரு வாளி. அதில் போவதையும் அளந்தார்கள், உள்ளே விடுவதையும் அளந்தார்கள். அங்கிருந்த நர்ஸ் எஸ்தர் மைசூர்த் தமிழ்ப் பெண். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். பெயரெழுதும்போது, "என்ன பேரு?" என்றாள்.

"ஆரோக்கியசாமிங்."

அவள் வாய்க்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

டாக்டர் வந்து நாடியைத் தேடினார். கையில் கிடைக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே சின்னதாகக் கீறி, நரம்பைத் தேடிக் குழாயைச் செருகினார்கள். மேலே தொங்கிய சீசாவிலிருந்து உப்புத் தண்ணீர் இறங்கியது. அதற்கு சலைன் என்று பெயர். பேதியில் போன தண்ணீரையும் உப்பையும் நேராக ரத்தத்திலேயே திரும்ப ஊற்றுவது, அவ்வளவுதான் அதன் சூட்சுமம். நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது சீசா பாதி இறங்கும்போது கன்னம் மேலே வந்தது. கண்ணில் ஆள் வந்தார். மந்திரம் போட்டால்கூட அப்படி நடக்காது. பிழைத்துவிட்டார் என்று நான் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழபேடா. ஸ்வல்ப பொறு. மூத்திரம் வந்தாத்தான் சொல்ல முடியும்" என்றாள்.

பேதியில் உடம்பு வற்றும்போது மூத்திரத்தைப் பிரிக்கிற குண்டிக்காய்க்கு ரத்தம் போவதில்லையாம். கொஞ்ச நேரம் என்றால் தாங்கிக்கொள்ளும். அதிக நேரம் வற்றிக் கிடந்தால் அது வேலையை நிறுத்திவிடும். பிறகு எத்தனை சீசா ஏற்றினாலும் சில பேருக்கு அது திரும்பி வேலை செய்யாது. உடம்பின் அழுக்கு ரத்தத்திலேயே தங்கி ஆளை மயக்கிவிடும். எஸ்தர் இதை நின்றபடியே, வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

அடுத்த கட்டிலில் ஒரு கன்னடக்காரப் பெரியவர். அவருடைய மகன் பக்கத்தில் நின்றான். எஸ்தர் அவனிடம் ஒரு லோட்டாவைக் கொடுத்து, "நீரு காயிஸ்தெ கொட்பேடி" என்றாள். கொடுக்காதே என்று சொல்லிவிட்டு, மூலையில் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவிலிருந்து மொண்டு ஆறவைத்திருந்த தண்ணீரை அவளே அந்த லோட்டாவில் ஊற்றினாள். அவன் பெரியவரின் தலையைத் தூக்கிக் குடிக்க வைத்தான்.

"நர்ஸம்மா, காயிஸ்தெ அப்படின்னா என்னங்?"

"காய்ச்சாம" என்றாள்.

காய்ச்சாமல் தண்ணீர் கொடுக்காதீர்கள். தமுக்குக்காரர் சொன்னது அதுதான். சுடுதண்ணீரை பிஸிநீரு என்பார்கள், அது எனக்குத் தெரியும். காய்ச்சுவதைக் காயிசு என்பார்கள், அது தெரியாது. அப்புறம்தான் என் வீட்டுக்காரர் முந்தின நாள் காற்றாகச் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்டது. காஞ்சு இல்லை. "காச்சி... காச்சி..." கன்னடம் தெரிந்தவர், நான் தமுக்கு என்று சொன்னதுமே என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காய்ச்சிக் கொடு என்று கடைசிக் குரலை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

புரிந்திருந்தால் காய்ச்சியிருப்பாயா, கஞ்சிக்கே விறகு போதாத வீட்டில், என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். காய்ச்சியிருப்பேன். கதவை உடைத்து எரித்திருப்பேன். ஆனால் லைன் முழுக்கக் காய்ச்சியிருக்குமா என்று தெரியாது. தண்ணீரைக் காய்ச்சு என்று தமுக்கு அடிக்கிறவர்கள் விறகுக்கு வழி சொல்வதில்லை. எங்களுக்கு எந்த பாஷை புரியும் என்றும் கேட்பதில்லை. இப்போது எங்கள் பக்கம் தமுக்கு வந்தால் நான் பின்னாலேயே நடந்து, தமுக்குக்காரர் சொல்லச் சொல்ல, எஸ்தரிடம் கற்றுக்கொண்ட கன்னடத்தை வைத்து நான் அதைத் தமிழில் சொல்கிறேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்கிறேன். அவருக்கு எரிச்சலாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லைனில் இன்னும் யாருக்கும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், நான் சொன்ன சொல் அங்கே நிற்கிறது என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக லைனுக்கு நடந்து போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று தமிழில் சொல்லிவிட்டு வந்தாள். அவள் கால் புழுதியோடு அடுத்த வேலைக்கு வந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவருக்கு நல்ல நினைவு இருந்தது. குரலும் கரகரவென்று திரும்பியிருந்தது. நான் லோட்டாவை வாயருகே கொண்டுபோனேன். அவர் அதைப் பார்த்தார்.

"காச்சின தண்ணிதானே?"

"ஆமாங்."

குடித்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான்தான் கெடுத்தேன், மன்னித்துவிடுங்கள் என்று காலைப் பிடித்திருக்க வேண்டும். வெட்கம். கொஞ்சம் தேறட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். என் கர்வம் அப்போதும் சாகவில்லை.

மறுநாள் எனக்கே வந்துவிட்டது. எஸ்தர் உடனே கண்டுகொண்டாள். தண்ணீர் வற்றுவதற்கு முன்பே பிடித்துவிட்டதால் எனக்கு நரம்பில் ஒரு சீசா, வாயில் லோட்டா லோட்டாவாகக் காய்ச்சிய உப்புத் தண்ணீர். வாந்தி எடுத்தால் மறுபடியும் குடி என்பாள். நான் வாந்தி எடுக்க எடுக்கக் குடிக்க வைத்தார்கள். சாயங்காலமே எனக்கு மூத்திரம் வந்தது. அந்தப் பக்கத்தில் அவருக்கு வரவில்லை. எனக்கு வந்ததை எடுத்து அவருக்குக் கொடுத்துவிடு தாயே என்றுகூட வேண்டினேன். புத்தி அப்படியெல்லாம் போகிறது.

என் கட்டிலைக் கோணித் திரைக்குப் பக்கத்தில் போட்டு, திரையின் ஓரத்தைத் தூக்கிச் செருகிவிட்டாள் எஸ்தர். படுத்தபடியே அவர் முகம் எனக்குத் தெரியும். அவர் தூங்கிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டால் விழிப்பார், மறுபடி தூங்கிவிடுவார். முகம் ஊதியிருந்தது. தேறி வருகிறார் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு விஷயம் தெரியும், அது வெளியே போகாமல் தங்கின தண்ணீர்.

மூன்றாம் நாள் காளியம்மா வந்தாள். உள்ளே விட மாட்டார்கள். என் தலைமாட்டு ஜன்னலுக்கு வெளியே, முள்வேலிக்கு அந்தப் புறம் நின்று கூப்பிட்டாள். என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவள் கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

"ஞானக்கா, கொஞ்சம் கஞ்சி கொண்டாந்தேன். காச்சினதுதான்."

"பாப்பா எப்படி இருக்குது?" என்று கேட்டேன். கேட்கவே எனக்குப் பயம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவிச்சுக்காதக்கா. நர்ஸம்மா வந்து காச்சிக் குடுன்னு சொல்றதுக்கு முன்னாடியே, நீ சொன்னதை நா கேக்கலே. புள்ள நாக்கை நீட்டி நீட்டி அழுவுச்சு, எனக்குப் பொறுக்கலே. செத்தாலும் தண்ணி குடிச்சுட்டே சாவட்டும்னு வடிகஞ்சியில உப்புப் போட்டு, உனக்குத் தெரியாம ஊத்திட்டேன். ரெண்டு நாளா ஊத்தினேன். இப்ப எந்திரிச்சு ஓடுது. மன்னிச்சுக்கக்கா."

என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். அவள் போகும்போது, நோய் கண்டிருந்த மற்ற இரண்டு வீட்டு ஆட்களும் செத்துப்போனதைச் சொன்னாள். அது நோயாலா, என் சொல்லாலா என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. நானும் யாரையும் கேட்கவில்லை.

அவள் போனதும், எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. திரையோரம் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறந்தார். சொன்னேன். தமுக்கில் வந்த சொல், நான் அதைப் புரிந்துகொண்ட விதம், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டது, அவர் காச்சி என்றது, எனக்குக் காஞ்சு என்று கேட்டது, பானையைத் தூக்கி வெளியே வைத்தது, எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் முடித்ததும், "சாரத்தைப் பிரிச்சுட்டாங்களா?" என்றார்.

கட்டடத்தில் அவர் பாதியில் விட்டு வந்த சுவரின் சாரத்தைக் கேட்கிறார்.

"பிரிச்சுட்டாங்க" என்றேன். எனக்கு என்ன தெரியும்.

"நல்லது" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா, புத்தியில் ஏறியதா, ஏறியும் பேச வேண்டாம் என்று விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த முதல் நாள் சாயங்காலமே சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

நான்காம் நாள் காலை, வாளிகளை எடுத்துக்கொண்டு போகிற நேரம். வெயில் தகரத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. அவர் மூச்சு நீளமாக வந்தது, பிறகு விட்டுவிட்டு வந்தது, பிறகு வரவில்லை. எஸ்தர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, திரையை இறக்கவா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். துணியில் சுற்றி, சுண்ணாம்பு தூவி, வண்டியில் ஏற்றினார்கள். சாமியார் வேலிக்கு வெளியே நின்று ஜெபம் சொன்னார். எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை. நின்றிருந்தாலும் கூட விட மாட்டார்கள். வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை.

எஸ்தர் ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து என் வாயருகே பிடித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனி எனக்குத் தண்ணீர் எதற்கு, ஒரு சொட்டுக்கூட இல்லாமல் அவர் கிடந்தது போல நானும் கிடந்து போகிறேன் என்று அப்போது நிஜமாகவே நினைத்தேன். அவள் லோட்டாவை எடுக்கவில்லை. அந்தத் தண்ணீர் ஆறியிருந்தது. மண்பானையில் ஊற்றி வைத்தது; வாசனை வந்தது. என் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் லோட்டாவை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்து முடித்தேன். பிறகு இன்னொன்று கேட்டேன்.